அடுப்புக்கு மேலே அக்காவின் கறி

மாட்டில் கழுத்துக்கறிதான் விலை குறைச்சல். தொடையை வாங்குகிறவர்கள் கழுத்தைத் தொடமாட்டார்கள். நார் நாராக இருக்கும். அரை நாள் வேகவைத்தாலும் பல்லுக்கு வேலை வைக்கும். ஆனால் புகையில் போட அதைவிட நல்ல கறி கிடையாது. கொழுப்பு குறைவு என்பதால் சிக்குவாடை பிடிக்காது. நீளமாக வார் எடுக்கலாம். புகையில் காய்ந்தபின் தணலில் சுட்டு, அம்மிக்கல்லில் வைத்துத் தட்டினால் பஞ்சு மாதிரி பிரிந்து வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை மட்டும் நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டிருந்தேன்.

திருத்தணி மலை தெரிகிற ஊர். கடைத்தெருவில் யாரும் மாட்டுக்கறியைத் தொங்கவிட்டு விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைச் சரிவில் கூறு போடுவார்கள். நைனா கறியை ஈரச் சாக்கில் சுற்றி, மேலே ஒரு புல்லுக்கட்டை வைத்துச் சைக்கிளில் கொண்டுவருவார். நெசவாளர் தெரு வழியாகத்தான் வரவேண்டும். தறிச் சத்தம் நிற்காது. யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். புல்லுக்கட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது நைனாவுக்கும் தெரியும்.

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு அம்மா மலையேறிப் போய் வருவாள். காவடிக் கூட்டமெல்லாம் ரயிலேறிப் போய், தெருவில் மிதிபட்ட பூவும் காய்ந்துபோன பிறகுதான் எங்கள் அடுப்பில் கறி. ஆவணியில் வெயில் இருக்கும்போதே கழுத்துக்கறி வாங்கி உப்புக்கண்டம் போட்டுவிட்டால் ஐப்பசி மழையில் வேலை இல்லாத நாட்களுக்கு ஆகும்.

அம்மா கறியை நார் போகிற வாக்கிலேயே வார் வாராக அரிவாள்மனையில் எடுப்பாள். குறுக்கே வெட்டினால் தொங்கும்போது அறுந்து விழுந்துவிடும். கல்லுப்பு, மஞ்சள், பூண்டு வைத்து அரைத்த மிளகாய் எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து, சட்டியில் அழுத்தி, மேலே கல்லை ஏற்றி ஒரு ராத்திரி வைப்பாள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அதைப் பிழிந்து, கோணியூசியால் சணல் கயிற்றில் கோத்து, ஒரு நாள் வெயிலில் காக்கையை விரட்டியபடி காயவைத்து, அதற்குப் பிறகு அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் கட்டுவாள். சமையல் முடிந்த தணலின்மேல் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, தூவி லேசாகத் தண்ணீர் தெளித்தால் புகை எழும். தீ எரியக்கூடாது, புகை மட்டும் வரவேண்டும். வேப்பங்கட்டையை அந்த நாட்களில் அடுப்புப் பக்கமே விடமாட்டாள், கறி கசந்துபோகும்.

நாலைந்து நாள் புகைந்த பிறகு அம்மா ஒரு வாரை அறுத்து, தணலில் சுட்டு, தட்டி, ஒருவர் வாயில் போடுவாள். அதற்குப் பெயர் பதத்துண்டு. உப்பு போதுமா, இன்னும் புகை வேண்டுமா என்று அந்த ஒருவர் சொல்லவேண்டும். அவர் போதும் என்றால் போதும், இன்னும் இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஒருவர் நான்தான். நைனா ஒருமுறை கையை நீட்டியபோதுகூட அம்மா, "அவ சொல்லட்டும் இரு" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் விடுதியில் இருந்த இரண்டு வருடமும் நான் விடுமுறைக்கு வரும்வரை பதம் பார்க்காமல் கறி காத்திருந்தது. என் மார்க்குகளைவிட அது எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நான் வீட்டில் இருந்த வருடம், ஆவணியில், அக்காவை மணவூரிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவந்தார்கள். அவளுக்குத் தலைச்சன் பிள்ளை. என்னைவிட நான்கு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்து வாசல்படியை மிதித்ததில்லை. சின்ன வயதிலேயே மாடு ஓட்டிக்கொண்டு போனவள். அவள் வந்து இறங்கிய மறுநாளே நைனா வழக்கத்தைவிட இரண்டு பங்கு கழுத்துக்கறி கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் போட்டு வைக்கிற கண்டக்குழம்புக்கு ஆகுமே என்றார். சரிதான். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் எல்லோருக்கும் களியும் காயவைக்காத புதுக் கறிக் குழம்பும். எனக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் முட்டைக் குழம்பு.

"இன்னாம்மா இது?"

"முட்டை. துன்னு."

"எனுக்குக் கறி?"

"நீ முட்டை துன்னு. ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு அம்மா அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றப் போய்விட்டாள்.

ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். அடுத்த ஞாயிறும் முட்டை. அதற்கடுத்து உருளைக்கிழங்கு. வீட்டில் ஒரே ஒரு மர நாற்காலி இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது நைனா அரக்கோணத்தில் பழையது பார்த்து வாங்கியது. அதில் உட்கார்ந்து நான் முட்டை சாப்பிட, கீழே அடுப்படியில் அம்மாவும் அக்காவும் ஒரே தட்டில் எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். விருந்தாளிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்ததுபோல இருந்தது. பிறந்ததிலிருந்து என் இடம் அடுப்புக்கு இடப்பக்கம், அம்மா கை எட்டுகிற தூரம். அங்கே இப்போது அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

கேட்டிருக்கலாம். ஏனம்மா எனக்குக் கறி இல்லை என்று ஒரு வார்த்தை. எனக்கு அது வரவில்லை. பங்கைக் கேட்டு வாங்கினால் அது பங்கா? நான் மாவட்டத்திலேயே நல்ல மார்க் வாங்கியவள், காலனியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவள், ஒரு வார் கறிக்காக வாயைத் திறந்து கேட்பதா என்று நினைத்தேன். அதனால் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அக்காவைக் கவனித்தேன். அவள் விரலை நக்குவதைக் கவனித்தேன். கை கழுவிய பிறகும் அதை முகர்ந்து பார்ப்பதைக் கவனித்தேன். மஜ்ஜை இருக்கிற பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்து, "மூளை கீதா பாரும்மா" என்று அம்மாவிடம் நீட்டுவதைக் கவனித்தேன். என் இடத்தில் உட்கார்ந்து இத்தனை சுகமாகச் சாப்பிட அவளுக்கு எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாவா வருவார். அக்காவின் வீட்டுக்காரர், ரயில்வேயில் தண்டவாள வேலை. அரக்கோணத்தில் வண்டி மாறி வந்து சேர்வார். வந்ததும் கழியில் தொங்கும் சரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னா டீச்சரம்மா, இந்தப் பொகையில குந்திக்கினு கீறீங்க? பொடவை நாறிப்புடும். நாளைக்குப் புள்ளைங்க மூக்கப் புடிச்சிக்கினு ஓடும்."

"ஓடினா ரயில்ல ஏத்தி உங்ககிட்டதான் அனுப்புவேன், பாவா."

"அனுப்புங்க அனுப்புங்க. நான் ஒரு துண்டு கறி குடுத்து ஒக்கார வெக்கிறேன். எங்க வூட்ல முட்டை கெடையாது."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். மருமகன் சொன்னதை மறுக்கக்கூட அவளுக்கு மனமில்லை என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஞாயிறுதோறும் வாங்கிய கறிக்கெல்லாம் சேர்த்துப் பதம் பார்க்கலாம் என்று அம்மா விட்டிருந்தாள். கடைசிச் சரம் கட்டி நான்காம் நாள் அம்மா கனகம்மாசத்திரம் பக்கம் களையெடுக்கப் போனாள். நைனா கரும்பு வெட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்கு முதுகுவலி. புகை போடுகிற வேலை என்மேல் விழுந்தது. அம்மா வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "தீ எரிய வுட்றாத" என்றாள்.

"எனுக்குத் தெரியும்" என்றேன்.

அக்கா பாயில் படுத்தபடியே என்னை ஏவ ஆரம்பித்தாள். "மல்லாட்டைத் தோல அள்ளிக் கொட்டாதடி. கொஞ்சம் கொஞ்சமா போடு. அந்தக் கடைசி சரத்தத் திருப்பு."

"நீ உன் வயித்தப் பாத்துக்க. நான் பாத்துக்கறேன்."

"நீ புஸ்தகத்தப் பாரு. பொகை உனுக்கு எதுக்கு?"

"இந்தப் பொகைய நீ கல்யாணம் ஆயி போனப்புறம் யாரு பாத்தாங்க, உங்க மாமியாரா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அன்று பொழுது முழுக்க அடுப்பை விட்டு நகரவில்லை. தணலைப் பரப்பி, தோலைத் தூவி, தீ பற்றினால் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் தொங்கிய சரத்தை நடுவுக்கும் நடுச்சரத்தை ஓரத்துக்கும் மாற்றிக் கட்டினேன். கண் எரிந்தது. காலையில் இன்னும் ஈரமாகச் சிவந்திருந்த கடைசிச் சரத்துக் கறி சாயங்காலத்துக்குள் நாவல்பழ நிறத்துக்கு வந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் விறைத்துக்கொண்டது. படித்தால் கை மறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஒரு வாரை அறுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தால் கேட்க ஆள் இல்லை; அக்கா தூங்கிப்போயிருந்தாள். நான் தொடவில்லை. பதத்துண்டு என்பது அம்மா கையால் வாயில் விழவேண்டிய பொருள்.

அம்மா வந்ததும் கை கால் கழுவிவிட்டு நேராகச் சரங்களைத்தான் பார்த்தாள். ஒன்றைக் கிள்ளி முகர்ந்தாள். "பரவால்ல, நல்லா புடிச்சிக்கீது" என்றாள். அவளிடமிருந்து அதுவே பெரிய வார்த்தை. பிறகு ஒரு வாரை அறுத்தாள். தணலில் போட்டாள். இருந்த கொஞ்சக் கொழுப்பு சொட்டிச் சுர்ரென்றது. அம்மிக்கல்லில் வைத்துத் தட்டினாள். நான் நாற்காலியில் இருந்து எழுந்து அடுப்பருகே போய்விட்டேன், வாயைத் திறக்காததுதான் குறை.

அம்மா கை என்னைத் தாண்டிப் போயிற்று.

"பதம் பாருடி" என்று அக்காவின் வாயில் போட்டாள்.

அக்கா மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல். "ஆங். உப்பு சரியா கீது. இன்னும் ஒரு நாள் பொகை போட்டா போதும்."

"நாலு நாள் போடணும்" என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ துன்னாமயே சொல்றியா?" என்றாள் அக்கா.

"நாள் முச்சூடும் பொகை போட்டவ நான். அவளுக்கு இன்னா தெரியும்? தூங்கிக்கினு இருந்தா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஏம்மா, நான் இந்த வூட்டுப் பொண்ணு இல்லியா? எனுக்கு எதுக்கு முட்டை? எனுக்கு எதுக்கு நாற்காலி? நான் கேட்டனா? பதத்துண்டு என்துதானே? அத எதுக்கு அவளுக்குக் குடுத்தே?"

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று இருந்ததை ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அம்மா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் நைனா உள்ளே வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"சொல்லிடு" என்றார் அம்மாவிடம். "எத்தினி நாளிக்கு?"

"சொன்னா பலிக்காதே."

"பலிக்கும். சொல்லு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகையா அழுகையா, தெரியவில்லை. "கிருத்திகைக்கு மலைக்குப் போனப்போ வேண்டிக்கினேன். உனுக்கு வேலை ஆர்டர் வர்ற வரிக்கும் நீ மாட்டுக்கறி வாயில வெக்க மாட்டேன்னு."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

"என் வாயை வெச்சி நீ எப்படிம்மா வேண்டிக்கலாம்? உன் வாயைக் கட்டிக்கிறதுதானே?"

"நான் கட்டினா சாமிக்கு இன்னாடி தெரியும்? நான் கூழு ஊத்தினாலும் குடிப்பேன், கறி போட்டாலும் துன்னுவேன். எனுக்கு எல்லாம் ஒண்ணுதான். உங்க நைனாவும் அப்டித்தான். இந்த வூட்ல கறிக்குன்னு உயிரை வுட்றது நீ ஒருத்திதான். ஆசப்பட்ற வாயைக் கட்டினாதான் கணக்கு. அதான் உன் வாயைக் கட்டினேன்."

மலைமேல் கூட்டத்தில் நெருக்கப்பட்டு நின்று, யாருடைய ஆசை பெரிது என்று யோசித்துப் பார்த்து, என்னுடையதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அது நிற்க இடம் இல்லாமல் தடுமாறியது. வேண்டுதலை நான் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். பயிற்சிப் பள்ளியில் அதைப் பற்றி என்ன பேசினோம் என்பதும் வேறு. அம்மா எனக்குத் தராமல் இருந்த ஒவ்வொரு ஞாயிறும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவின் தட்டில் ஊற்றும்போதும் என்னைத்தான்.

இத்தனை நேரம் மென்றுகொண்டிருந்த அக்கா அப்போது மெல்லுவதை நிறுத்தினாள்.

"எனுக்கு எப்பனா எதுனா வேண்டிக்கினியா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா அம்மிக்கல்லைத் துடைத்தாள். "உனுக்கு இன்னா கொறை? நல்ல புருசன் கீறான், புள்ளை வரப்போவுது..."

"அதான். எனுக்கு யாரும் வாயைக் கட்டல" என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "இவ நாற்காலியில குந்திக்கினு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறா. நான் அத பாத்துக்கினே துன்றேன். ஒரு நாளாச்சும் அந்த நாற்காலியில என்னக் குந்தச் சொன்னீங்களா?"

நான் முட்டையைப் பார்த்து வெந்த நாட்களில் அவள் நாற்காலியைப் பார்த்து வெந்திருக்கிறாள். இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது, கொஞ்சம். அதைவிட அதிகமாக வந்தது வேறொன்று: என்மேல் பொறாமைப்பட ஆள் இருக்கிறது என்ற நிறைவு. பொய் சொல்வதில் பயனில்லை.

நான் அன்றே கறியைப் பிடுங்கித் தின்றுவிடவில்லை. அம்மா கட்டிய வாயை நானே அவிழ்த்தால், ஆர்டர் வராத ஒவ்வொரு நாளும் அவள் என் வாயைப் பார்ப்பாள். அதற்குப் பதிலாகக் கழியில் இருந்து ஒரு சரத்தை அவிழ்த்தேன். நல்ல சரம், நடுவில் தொங்கியது, வார்கள் ஒரே தடிமனில் இருந்தன. அதைத் தனியாக எடுத்து அடுப்புக்கு நேர்மேலே, மற்றவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினேன்.

"இது என்து" என்றேன். "ஆர்டர் வந்தப்புறம் எடுக்கணும். அதுவரிக்கும் யாரும் தொடக்கூடாது. பதமும் நான்தான் பாப்பேன்."

"செரி" என்றாள் அம்மா, பயந்ததைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டேன் என்பது மாதிரி வேகமாக. நைனா அண்ணாந்து பார்த்து, "பெரிய சரமாத்தான் எடுத்துக்கினா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கார்த்திகையில் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மற்ற சரங்கள் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போயின. மழை கொட்டிய நாட்களில் வீடு முழுக்க மிளகும் பூண்டும் புகைக்கறியும் மணக்கும். நான் முட்டையை உரித்துக்கொண்டிருப்பேன். இப்போது நாற்காலியில் இல்லை, கீழே. நாற்காலியில் அக்கா உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அதுதான் வசதி என்று அம்மா சொன்னாள். என்னை யாரும் கேட்கவில்லை. அதற்கும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னதான் இருந்தாலும் எனக்காக வாங்கிய நாற்காலி.

என் சரம் மட்டும் தினமும் புகை குடித்துக் கறுத்துக்கொண்டே போயிற்று. தை முடிந்து அக்கா மணவூருக்குப் புறப்பட்டாள். அம்மா அவளுக்குக் கொஞ்சம் கண்டத்தைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி அடுப்புக்கு மேலே பார்த்தாள்.

"அத துன்னும்போது சொல்லி அனுப்பு" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா. பொகை எப்டி புடிச்சிதுன்னு பாக்கத்தான்."

பங்குனியில் ஆர்டர் வந்தது. கே.ஜி. கண்டிகைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், இரண்டே வகுப்பறை. என்னோடு பதிந்தவர்களில் பலருக்கு இன்னும் வரவில்லை. அம்மா அடுத்த கிருத்திகைக்கு மலையேறிப் போய்வந்தாள். நான் மணவூருக்குச் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னார்களோ, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு அக்கா பிள்ளையோடு வந்து நின்றாள். அடுப்புக்கு இடப்பக்கம் அவள் உட்காரப் போகுமுன் நான் போய் உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

அம்மா சரத்தை இறக்கினாள். விறகுக் குச்சி போல இருந்தது. ஒன்றோடொன்று தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. வெந்நீரில் கழுவி, ஒரு வாரைத் தணலில் புதைத்து, கறுப்பைச் சுரண்டி, அம்மிக்கல்லில் வைத்துத் தட்டினாள். உள்ளே கருஞ்சிவப்பாக, நார் நாராகப் பிரிந்தது. ஊதி, என் வாயில் போட்டாள்.

"உப்பு?"

நான் மென்றேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகூட அவள் மடியில் இருந்து என் வாயைப் பார்த்தது. எத்தனை நேரம் முடியுமோ அத்தனை நேரம் மென்றேன்.

"சரியா கீது" என்றேன்.

அம்மா மிச்சத்தை என் கையில் கொடுத்தாள். அதில் இருந்து பிய்த்து அக்காவுக்கும் கொடுத்தேன். சின்னதாகப் பார்த்துத்தான் பிய்த்தேன்.